பேச்சியம்மாள் சொல்லாதது

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். மேஜை மேல் திருத்த வேண்டிய ஆய்வேடுகள் அடுக்கியிருந்தன. அவற்றைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டேன். நீங்களும் அலுவலகத்தில் இதைச் செய்திருப்பீர்கள். என்ன… கண்ணைத் திறந்தால் அவை அங்கேயேதான் இருக்கும்.

திறந்தபோது வாசலில் ஒரு அம்மா நின்றிருந்தார். கழுத்தில் மில் அடையாள அட்டை. தலைமுடியில் அங்கங்கே பஞ்சு.

“எஸ்தர் டீச்சருக்கு டீச்சர் நீங்கதானா?”

நான்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் எஸ்தர், எங்கள் கல்வியியல் கல்லூரியில் என்னிடம் பிஎச்.டி. செய்கிறாள். எனக்கு வழிகாட்டி என்று பெயர். பாதி நாள் எனக்கே வழி தெரியாது என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும்.

“ஆமாம்மா. உட்காருங்க.”

“உக்கார வரலை. எம்பேரு பேச்சியம்மா. நான் சொல்லாததை நான் சொன்னேன்னு எதுக்குப் போட்டீக?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெற்றோர் கூட்டத்துக்குப் பெற்றோர் ஏன் வருவதில்லை? எஸ்தரின் ஆய்வு இதுதான். ராஜபாளையம் பக்கத்துப் பள்ளிகளை எடுத்துக்கொண்டாள். இரண்டு வழிகளில் விஷயத்தைத் திரட்டினாள். முதலில் சர்வே — கேள்விகளை அச்சடித்துக் கொடுத்து டிக் அடிக்கச் சொல்வது. அப்புறம் பேட்டி — வீட்டுக்கே போய், உட்கார்ந்து, பேச விட்டுக் கேட்பது. எண்ணிக்கைக்கு ஒன்று, காரணத்துக்கு ஒன்று. கலப்பு முறை ஆய்வு என்று இதற்குப் பெயர். தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து இதைத்தான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சர்வே வந்தது. பார்த்தால் எல்லோரும் எல்லாக் கூட்டத்துக்கும் வருகிறார்களாம்! பள்ளியின் மேல் ஒரு குறையும் இல்லையாம்! அப்படியானால் கூட்டத்தன்று காலியாகக் கிடக்கிற நாற்காலிகளில் உட்கார வேண்டியவர்கள் யார்?

காரணம் பெரிய ரகசியம் இல்லை. சர்வே தாளைப் பிள்ளைகளின் புத்தகப் பையில்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தது வகுப்பாசிரியை கைக்கு. அந்த டீச்சர் கைக்குப் போகிற தாளில் அந்த டீச்சரைப் பற்றியே குறை எழுத எந்தத் தாய்க்குத் துணிச்சல் வரும்?

பேட்டியில்தான் விஷயம் வந்தது. மில் தொழிலாளர்கள் வசிக்கிற ஒரு தெருவில், குலுக்கிப் போட்டு எடுத்த சில வீடுகளுக்கு எஸ்தர் போனாள். அதில் ஒரு தாய் சொன்னார்.

“கூட்டத்துல மார்க்கை சத்தமா வாசிப்பாக. கம்மி மார்க்கு வாங்குன பிள்ளையோட அம்மாவ எந்திரிச்சு நிக்கச் சொல்லுவாக. பிள்ளைய பக்கத்துல வச்சுக்கிட்டே ஏசுவாக. அதுக்கு ஷிப்ட விட்டுட்டுப் போகணுமாக்கும்? அன்னைக்குப் பூரா நானும் எம்பிள்ளையும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க மாட்டோம்.”

“மேடம், கிடைச்சிருச்சு!” என்று எஸ்தர் ஓடி வந்தாள். அத்தனை டிக்கும் சொல்லாததை ஒரு வாய் சொல்லிவிட்டது. எனக்கும் சந்தோஷம்தான். ஆய்வில் பேட்டி கொடுத்தவரின் சொந்தப் பெயரைப் போடக் கூடாது. புனைபெயர் வைக்க வேண்டும். அந்தப் பெயர் அந்த மண்ணுக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்று வகுப்பில் நான் அழுத்திச் சொல்வேன். எஸ்தர் மண்ணுக்குப் பொருத்தமாகவே வைத்தாள்.

பேச்சியம்மாள்.

நானும் அவள் தாளின் ஓரத்தில் ஒரு டிக் அடித்தேன்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு தெருமுனையில் நின்று ‘பேச்சி’ என்று கூப்பிட்டால் எத்தனை வீட்டுக் கதவு திறக்கும்? நான் ராஜபாளையத்துக்காரி. எஸ்தர் கூமாப்பட்டிக்காரி. எங்கள் இரண்டு பேர் சொந்தத்திலும் பேச்சிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் தோன்றவில்லை. படித்தால் சில விஷயங்கள் மறந்துபோகும் போல.

அந்தத் தெருப் பிள்ளைகள் படிக்கிற பள்ளியின் தலைமையாசிரியர் நல்ல மனிதர். “என்ன கண்டுபிடிச்சீங்கன்னு எங்களுக்கும் சொல்லுங்களேன்” என்று எஸ்தரை அழைத்தார். ஆசிரியர்களும் சில பெற்றோரும் இருந்த கூட்டத்தில் அவள் திரையில் போட்டுக் காட்டினாள். அந்தத் தாய் சொன்னதைப் போட்டு, அடியில் ‘பேச்சியம்மாள், மில் தொழிலாளி’ என்றும் போட்டாள். அதற்கும் அடியில், பொடி எழுத்தில், ‘பெயர் மாற்றப்பட்டுள்ளது’.

பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்? பேங்க் லோன் வாங்குகிறவர்களே படிப்பதில்லை.

அதே தெருவில், மில்லில் வேலை பார்க்கிற, அதே பள்ளியில் பத்தாம் வகுப்பில் மகள் படிக்கிற நிஜப் பேச்சியம்மாள் ஒருவர் இருந்தார். குலுக்கலில் அவர் வீடு விழவில்லை. எஸ்தர் அவரைப் பார்த்ததே கிடையாது. மறுநாள் வகுப்பில் வகுப்பாசிரியை அவர் மகள் சுபாவை எழுப்பிக் கேட்டாராம். “ஒங்கம்மாவுக்கு எம்மேல அம்புட்டு வருத்தமா? எங்கிட்ட சொல்லக் கூடாதா? ஊரைக் கூட்டித்தான் சொல்லணுமா?”

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனால் பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு, அத்தனை பிள்ளைகள் திரும்பிப் பார்க்க, அது போதாதா? சுபா பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள்.

இப்போது என் அறை வாசலுக்கு வருவோம்.

“அது புனைபெயர்ம்மா” என்றேன். “ஆராய்ச்சியில உண்மையான பேரைப் போடக் கூடாது. அதனால ஒரு பொய்ப் பேரு வைக்கிறது.”

“எம்பேரு பொய்ப் பேரா டீச்சர்?”

நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?

“எங்க தெருவுல செல வீட்டுக்கு அந்தப் பொண்ணு வந்துட்டுப் போச்சு. எம்வீட்டுக்கு வரலை. கேட்டா, குலுக்கல்ல எம்பேரு விழலைன்னாக. குலுக்கல்ல விழாத பேரு ஒங்க பொஸ்தகத்துல மட்டும் எப்பிடி விழுந்துச்சு?” அவர் குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “எம்மக பள்ளிக்கூடம் போக மாட்டேங்கா. நீங்க வந்து, எங்கம்மா அப்பிடிச் சொல்லலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அம்புட்டுத்தான் கேக்கேன்.”

“நாளைக்கே வந்து சொல்றேம்மா” என்றேன். மனசார. அவர் ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

எஸ்தருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

“மேடம்… பேச்சியம்மா சொல்லலைன்னு நாம சொன்னா, அப்ப யாரு சொன்னான்னு கேப்பாங்களே?”

கேட்பார்களா? கேட்கத்தான் செய்வார்கள். எஸ்தர் போன வீடுகள் கொஞ்சம். மில் வேலைக்குப் போகிற தாய் இருக்கிற வீடு அதிலும் கொஞ்சம். இவர் இல்லை என்று நான் சொன்ன மறு நிமிடம், விரல் எங்கே திரும்பும் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அந்தத் தாயிடம், அவர் பெயர் எந்தக் காலத்திலும் வெளியே வராது என்று எஸ்தர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருக்கிறாள். அவருக்கும் அதே பள்ளியில் பிள்ளை இருக்கிறது.

ஒரு தாயைக் காப்பாற்றினால் இன்னொரு தாய் மாட்டுவார். இதற்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் அத்தியாயம் கிடையாது. இருந்தாலும் அதைப் படித்துப் பார்க்க அன்றைக்கு எனக்குத் தெம்பு இல்லை. சோர்வு என்றால் உடம்புச் சோர்வு இல்லை. நல்லது செய்கிறோம் என்று கிளம்பி, யார் வீட்டுக் கூரையையோ பிரித்துவிட்டு வந்து நிற்கிற சோர்வு.

(உண்மையில் பேசிய அந்தத் தாய்க்கு இங்கே நான் எந்தப் பெயரும் வைக்கப் போவதில்லை. வைத்தவரைக்கும் போதும்.)

மறுநாள் பள்ளிக்குப் போகவில்லை. காலையில், பேச்சியம்மாள் ஷிப்ட்டுக்குக் கிளம்புவதற்கு முன், எஸ்தரும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். சுபா தரையில் உட்கார்ந்து கூலிக்குப் பேண்டேஜ் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கத்தில் வீட்டில் சும்மா இருக்கிற கையைத் தேடி வேலை தானாக வந்துவிடும். வெள்ளை வெளேரென்று துணி மலை மாதிரி குவிந்து கிடந்தது. அவள் விரல்கள் பழகிவிட்டதைப் பார்த்தபோது பயமாக இருந்தது.

“ஒரு வாரமா மடிக்கா. இப்பிடியே இருந்தா இவளுக்குப் பள்ளிக்கூடம் மறந்துரும் டீச்சர்” என்றார் பேச்சியம்மாள். அவருக்கும் அதே பயம்தான்.

நான் மறைக்காமல் சொன்னேன். நீங்கள் இல்லை என்று சொன்னால் இன்னொருவரைத் தேடுவார்கள், அவரும் உங்களை மாதிரி ஒருத்தர்தான் என்று. பேச்சியம்மாள் மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துணியை எடுத்து மடித்தார்.

“அவளும் பிள்ளை வச்சிருக்காளா?”

“ஆமா.”

“யாருன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லிராதீக. டெய்லி அவகூட ஒரே வேன்ல போறேனோ என்னமோ. தெரிஞ்சா அவ மூஞ்சில முழிக்க முடியாது.” பிறகு கேட்டார். “ஆமா, அவ என்னதான் சொன்னா? எல்லாரும் சொன்னேன் சொன்னேங்காக. நான் என்ன சொன்னேன்னு எனக்கே தெரியலை.”

எஸ்தர் தன் போனிலிருந்து அதை வாசித்தாள். மார்க் வாசிப்பது, எழுந்து நிற்பது, ஏச்சு, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் இருப்பது. வாசித்து முடிக்கும்போது சுபாவின் கை நின்றுவிட்டது.

“அம்மா… போன வருசம் நீயும்தான நின்ன?”

“வாயை மூடுட்டி.”

“அதுக்குப் பொறவு நீ கூட்டத்துக்கே வரலையே.”

பேச்சியம்மாள் துணிக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தோன்றியது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எஸ்தர் சொன்னாள். “மேடம், ஒருத்தங்க சொன்னதா இருக்கிறதாலதான பிரச்சினை? நிறையப் பேர் சொன்னதா இருந்தா?”

அதுவரை நானும் கதையை வைத்து எண்ணிக்கையைப் புரிந்துகொள்வதுதான் கலப்பு முறை என்று நினைத்திருந்தேன். எண்ணிக்கைக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. அது ஒதுங்குவதற்கு இடம் கொடுக்கும். ஒருத்தி சொன்னால் புகார், ஊரே சொன்னால் விஷயம். அந்தப் பஸ் கூட்டத்தில், யாரோ என் காலை மிதித்துக்கொண்டிருந்த நேரத்தில், எனக்கு இது உறைத்தது.

மறுபடியும் ஒரு சர்வே. இந்த முறை பள்ளி வழியாக இல்லை. மில் வேன்கள் வந்து நிற்கிற இடத்தில், பள்ளிக்கூடத்துக்கும் டீச்சருக்கும் சம்பந்தமில்லாத இடத்தில். சின்னத் துண்டுச் சீட்டு. பெயர் வேண்டாம், தெரு வேண்டாம். கூட்டத்தில் உங்களை நிற்க வைத்திருக்கிறார்களா? அதனால் போகாமல் இருந்திருக்கிறீர்களா? இரண்டே கேள்வி. போடுவதற்குப் பெட்டி கிடைக்கவில்லை. எஸ்தர் ஒரு காலி பால்கோவா டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டுக் கொண்டுவந்தாள். பெண்கள் சிரித்துக்கொண்டே போட்டார்கள். “உள்ள இருந்ததை நீங்க தின்னுட்டீகளாக்கும்?”

டப்பா நிறைந்துவிட்டது. கணக்கை இங்கே எழுத மாட்டேன். எஸ்தர் இன்னும் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கவில்லை. ஆனால் சீட்டு எண்ணும்போது அவள் பாதியில் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாள் என்று மட்டும் சொல்கிறேன். ‘ஒரு குறையும் இல்லை’ என்று பள்ளித் தாளில் டிக் அடித்த அதே ஊர்தான்.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். தலைமையாசிரியரைக் கேட்டுக்கொண்டு எஸ்தரும் நானும் போனோம். பேச்சியம்மாளும் வந்திருந்தார். கடைசி வரிசை. சுபா வரவில்லை.

சீட்டுகளின் கணக்கை எழுதிய தாளை எஸ்தர் கொடுத்தாள். தலைமையாசிரியர் படித்தார். வகுப்பாசிரியை எட்டிப் பார்த்தார்.

“சர்வேதான மேடம்? டிக் அடிக்கச் சொன்னா அடிச்சிட்டுப் போவாங்க” என்றார் என்னிடம். “பேரு இல்ல, கையெழுத்து இல்ல. யாராவது நேர்ல எங்கிட்டச் சொல்லட்டும், கேட்டுக்கிறேன்.”

தலைமையாசிரியர் தயங்கினார். பிறகு தாளை மடித்துப் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் வைத்தார். என் காலம் பூராவும் நான் கற்றுக்கொடுத்த பாடம் அந்தப் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் போனது. பெயரோடு ஒருத்தி சொன்னால் அவள் பிள்ளை மாட்டிக்கொள்கிறது. பெயரில்லாமல் ஊரே சொன்னால் அது வெறும் டிக். சரி, வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்று பையை எடுத்தேன்.

“டீச்சர்.”

கடைசி வரிசையில் பேச்சியம்மாள் எழுந்து நின்றார்.

“எம்பேரைத்தான் ஏற்கெனவே போட்டாச்சே. போட்டது போட்டதா இருக்கட்டும். நான்தான் சொன்னேன்.”

எஸ்தர் என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

“போன வருசம் இந்தா, இந்தத் தூண் பக்கத்துல நின்னேன். எம்மக எனக்குக் கீழ உக்காந்து தரையவே பாத்துக்கிட்டு இருந்தா. மார்க்கு கம்மிதான், நான் இல்லைங்கலை. எங்கிட்டத் தனியாச் சொல்லுங்க. எம்புட்டு ஏசணுமோ ஏசுங்க. எத்தனை தடவை கூப்பிட்டாலும் வாரேன். அவ முன்னாடி வேண்டாம்.” வகுப்பாசிரியையைப் பார்த்துச் சொன்னார். “நான் சொன்னதுக்கு அவளக் கேக்காதீக. என்னயக் கேளுங்க.”

சினிமாவாக இருந்தால் அத்தனை தாய்மாரும் எழுந்து நின்றிருப்பார்கள். இங்கே ஒரு முணுமுணுப்பு எழுந்தது. “ஆமா டீச்சர்.” “அவிய சொல்லுதது சரிதான்.” யார் யார் என்று தெரியாத குரல்கள். அவ்வளவுதான். ஆனால் தலைமையாசிரியர் பேப்பர் வெயிட்டை நகர்த்தி, தாளைப் பிரித்து, இன்னொரு தடவை படித்தார். இந்தத் தடவை நிதானமாக.

கலப்பு முறை என்று சாதத்தையும் குழம்பையும் ஒரே இலையில் வைத்துவிட்டால் ஆயிற்றா? யாராவது கை வைத்துப் பிசைய வேண்டும். அன்றைக்குப் பிசைந்தது நானும் இல்லை, எஸ்தரும் இல்லை.

இனி மார்க்கைத் தனித்தனியாகச் சொல்வோம் என்று தலைமையாசிரியர் அறிவித்தார். எத்தனை மாதம் நடக்கும்? தெரியாது. நிறைய அறிவிப்புகளைப் பார்த்தாயிற்று.

வராந்தாவில் வகுப்பாசிரியை என் பக்கத்தில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. நான் கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“மேல, கல்வி ஆபீஸ்ல, ரிசல்ட் மீட்டிங் நடக்கும் மேடம். எங்க பாடத்துல எத்தனை பேர் பெயிலுன்னு சத்தமா வாசிப்பாங்க. எங்களையும் எந்திரிச்சுத்தான் நிக்கச் சொல்லுவாங்க. எனக்கு வேற மாதிரி மீட்டிங் நடத்தத் தெரியாது.”

சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன். அவரை நிற்க வைக்கிறவரை யார் நிற்க வைக்கிறாரோ! இந்தச் சங்கிலியின் நுனியைத் தேடிப் போக இன்னொரு பிஎச்.டி. வேண்டும். நான் வழிகாட்ட மாட்டேன், சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை சுபா பள்ளிக்குப் போனாள். டீச்சர் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லையாம். அதுவே போதும் என்றாளாம்.

இந்தப் பத்தியிலும் பேச்சியம்மாள் பெயரைப் போட்டிருக்கிறேனே என்று கேட்பீர்கள். அவரிடமே கேட்டேன். “இனிமே மாத்துனா இன்னொருத்தி வந்து நிப்பா டீச்சர். எம்பேரே இருக்கட்டும்” என்றார். எஸ்தர், சுபா என்பவை நான் மாற்றிய பெயர்கள். அந்தத் தெருவில் அந்தப் பெயர்களில் யாரும் இல்லை என்று இந்த முறை விசாரித்துவிட்டேன். டப்பாவே நிறைந்த பிறகு இன்னொருத்தியை யாரும் தேடப் போவதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

உண்மையில் அதைச் சொன்ன தாய் அன்றைக்குக் கூட்டத்துக்கு வந்திருந்தாரா? முணுமுணுத்தவர்களில் ஒருவரா, வாயே திறக்காமல் இருந்தாரா? எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். எல்லா அலுப்பையும் எழுதித் தீர்க்க முடியாது. சிலதைச் சுமக்கத்தான் வேண்டும்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது இரண்டாம் ஷிப்ட் வேன் கிளம்பிக்கொண்டிருந்தது. பேச்சியம்மாள் ஓடினார். உள்ளேயிருந்து ஒரு கை நீண்டு அவர் பையை முதலில் வாங்கியது. பிறகு அவர் கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டது.

யார் கை என்று தெரிந்துவிடக் கூடாதே என்று நான் திரும்பி நின்றுகொண்டேன்.